சம்புடம் கெட்டி, முறுக்கு நொறுங்கிப்போச்சு!

"அந்தக் காலத்து வண்டின்னா இரும்பு. இப்போ வர்றதெல்லாம் தகர டப்பா!"

வீட்டில் கார் பேச்சை எடுத்தால் போதும். தாத்தாவோ, பெரியப்பாவோ, மாமாவோ, யாராவது ஒருத்தர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். சொன்னதோடு நிற்காமல் புது வண்டியின் கதவை விரலால் சுண்டியும் காட்டுவார். 'டொக்' என்று ஈனமாக ஒரு சத்தம் வரும். "கேட்டியா? இதுலயா பேரனை உட்கார வெச்சு ஊருக்குப் போகப் போறே?" என்பார். நமக்குப் பதில் சொல்லத் தெரியாது. கார் விஷயம் ஆண்கள் சமாசாரம் என்று காப்பி கலக்க உள்ளே போய்விடுவோம்.

சகோதரிகளே, இது நம் சமாசாரம்தான். அந்த வண்டியில் குழந்தையை எங்கே, எப்படி உட்கார வைப்பது என்று முடிவு செய்வது நாம்தானே? அதனால் இந்த முறை 'வீடும் வாசலும்' பகுதியில் ஒரு பழைய வண்டியையும் ஒரு புது வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிடுவோம்.

பழையது, 1962-ல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். புதியது, இன்று நம் ஊர்த் தெருக்களில் சாதாரணமாகப் பார்க்கிற சின்னக் காரான டாடா டியாகோ.

மதராஸ் அக்கா, சீமைத் தங்கை

ஸ்பிட்ஃபயரைப் பார்த்ததில்லையே என்கிறீர்களா? அதன் அக்காவை உங்கள் அம்மாவுக்கோ பாட்டிக்கோ நிச்சயம் தெரிந்திருக்கும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு! இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று பிறந்த வண்டி, 1960-களில் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி தயாரித்து, டாக்டர் வீட்டு வாசலிலும் வக்கீல் வீட்டு வாசலிலும் நின்ற வண்டி. ஆரம்பத்தில் அதற்கு இரண்டே கதவு. பின்சீட்டில் ஏறவேண்டுமானால் முன்சீட்டை மடக்கி, புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, குனிந்து நுழையவேண்டும்.

அந்த ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி, அதன் மேல் அழகாக ஓர் உடம்பைப் பொருத்தினார்கள், அதுதான் ஸ்பிட்ஃபயர். இரண்டையும் வரைந்தவர் ஒருவரே, மிச்செலாட்டி என்ற இத்தாலியர். இடையில் கம்பெனிக்குப் பணமுடை வந்து, செய்த மாதிரி வண்டியை ஒரு மூலையில் துணி போர்த்தி வைத்துவிட்டார்களாம். 1961-ல் கம்பெனி லேலண்டு கைக்கு மாறியபோது, புதிதாக வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து, "இதைச் செய்யுங்கள்" என்றார்கள் என்று சொல்வார்கள். 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் செய்து விற்றார்கள்.

அழகு என்றால் அழகுதான். தாழ்வான உடம்பு, மடக்குகிற துணிக் கூரை. முன்பக்கத்தைத் தூக்கினால் பானட், மட்கார்டு, விளக்கு எல்லாமே சேர்ந்து முதலை வாயைப் பிளந்தாற்போல் திறந்துகொள்ளும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பழுது பார்க்கலாம். இன்றைய வண்டியில் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே என்ன இருக்கிறதென்றே நமக்குத் தெரியாது. அந்த விதத்தில் பழசுக்கு நூற்றுக்கு நூறு மார்க் போடலாம்.

ஒரே அளவு இடம், இரண்டு விதக் குடித்தனம்

இப்போது டேப்பை எடுத்து அளந்து பார்ப்போம். வேடிக்கை இங்கேதான் இருக்கிறது.

ஸ்பிட்ஃபயரின் நீளம் 3,683 மில்லிமீட்டர். டியாகோவின் நீளம் 3,765. நாலு விரற்கடைதான் வித்தியாசம்! ஸ்பிட்ஃபயர் எஞ்சின் 1,147 சி.சி.; டியாகோவினுடையது 1,199 சி.சி. கிட்டத்தட்ட ஒரே அளவு. ஆனால் பழையது கொடுத்த குதிரைசக்தி 63, புதியது கொடுப்பது சுமார் 85. ஸ்போர்ட்ஸ் கார் என்று பெயர் வைத்துக்கொண்டதைவிட, காய்கறி வாங்கப் போகிற வண்டிக்குச் சக்தி அதிகம்!

அந்த நீளத்துக்குள் ஸ்பிட்ஃபயரில் உட்காருகிறவர்கள் இரண்டு பேர். டியாகோவில் ஐந்து பேர். இது எப்படி? நம் சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். அதே எட்டுக்குப் பத்து அறைதான். ஒருத்தி சாமானைத் தரையில் நீளத்துக்குப் பரப்பி வைத்திருப்பாள், நடக்க இடமிருக்காது. இன்னொருத்தி சுவரில் அலமாரி அடித்து உயரத்தை உபயோகப்படுத்தியிருப்பாள். ஸ்பிட்ஃபயரில் எஞ்சின் நீளவாக்கில் படுத்திருக்கிறது. பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டு வண்டியின் நடுவே ஓடுகிறது. உட்காருகிறவர்கள் காலை நீட்டி, தரையோடு தரையாக உட்காரவேண்டும். டியாகோவில் எஞ்சின் குறுக்குவாட்டில் வைத்து, முன்சக்கரத்தையே சுழற்றுகிறார்கள். நடுத்தண்டு கிடையாது. உயரமும் ஓர் அடிக்கு மேல் கூடுதல். நாற்காலியில் உட்காருகிற மாதிரி நிமிர்ந்து உட்காரலாம். இந்த ஏற்பாட்டை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது இங்கிலாந்தின் மினி கார். அது வந்த வருஷமும் 1959-தான்.

எடைக்கு வருவோம். 'இரும்பு' என்று பெயர் வாங்கிய பழைய ஸ்பிட்ஃபயர் சுமார் 700 கிலோ. 'தகர டப்பா' என்று பேர் வாங்கிய டியாகோ ஆயிரம் கிலோவுக்குச் சற்று முன்பின். ஆமாம், புதியதுதான் கனம்! அந்த அதிகப்படி முந்நூறு கிலோவில் இரண்டு கதவும் பின்சீட்டும் ஏ.சி.யும் அடக்கம்தான். ஆனால் ஒரு பகுதி நம் கண்ணில் படாமல் கதவுக்குள்ளும் தூண்களுக்குள்ளும் தரைக்கடியிலும் ஒளிந்திருக்கிறது. எதற்காக? அதுதான் இன்றைய விஷயம்.

முறுக்குப் பரீட்சை

தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு வைக்கிறீர்கள். பரணிலிருந்து எடுக்கும்போது கை தவறி 'டமார்' என்று விழுகிறது. எடுத்துப் பார்த்தால் சம்புடத்தில் ஒரு நெளிசல்கூட இல்லை. "அப்பாடா" என்று திறந்தால் உள்ளே முறுக்கெல்லாம் தூள்!

சம்புடம் கெட்டியாக இருந்து என்ன பிரயோஜனம்? விழுந்த வேகத்தைச் சம்புடம் தான் வாங்கிக்கொள்ளவில்லை. அப்படியே முறுக்கிடம் கொடுத்துவிட்டது. அதே முறுக்கை, வெளியே நசுங்கக்கூடிய அட்டைப்பெட்டி, நடுவில் பஞ்சு, உள்ளே ஒரு கெட்டி டப்பா என்று வைத்திருந்தால்? அட்டைப்பெட்டி நசுங்கியிருக்கும், முறுக்கு பிழைத்திருக்கும்.

புது வண்டியின் சூட்சுமம் இதுதான். முன்னும் பின்னும் நசுங்குவதற்கென்றே செய்திருக்கிறார்கள். அது நசுங்க நசுங்க மோதலின் வேகத்தைத் தின்றுவிடும். நடுவில் நாம் உட்காருகிற கூடு மட்டும் வளையாத உறுதியான எஃகு. மாடிப்படியிலிருந்து குதிக்கிற பிள்ளை முழங்காலை மடக்கித்தானே குதிக்கிறான்? விறைத்துக்கொண்டு குதித்தால் எலும்பு முறியும். புது வண்டி முழங்காலை மடக்குகிறது. பழைய வண்டிக்கு மடக்கத் தெரியாது.

பழைய வண்டியில் எது நசுங்கவேண்டும், எது நசுங்கக்கூடாது என்ற பாகுபாடே கிடையாது. ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் டாங்கி வேறு சீட்டுக்கு நேர் பின்னால், டிக்கியில் உட்கார்ந்திருக்கும். காற்றுப்பையும் அதில் கிடையாது.

'எல்லாம் வாய்ப்பேச்சு' என்று யாராவது சொன்னால் ஒரு பரீட்சையைச் சொல்லுங்கள். 2009-ல் அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் சாலைப் பாதுகாப்புக் கழகம் இரண்டு செவர்லே வண்டிகளை நேருக்கு நேர் மோதவிட்டது. ஒன்று 1959-ம் வருஷத்து பெல் ஏர். கப்பல் மாதிரி பெரிய இரும்பு வண்டி. இன்னொன்று 2009-ம் வருஷத்து மாலிபு. இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகம். உள்ளே மனுஷனுக்குப் பதில் அளவுக் கருவி பொருத்திய பொம்மைகள். என்ன ஆயிற்று? பழைய கப்பலில் ஸ்டீயரிங்கும் டாஷ்போர்டும் டிரைவர் பொம்மையின் மேல் வந்து அழுத்தின. மனுஷனாக இருந்தால் பிழைத்திருக்கமாட்டார். புது வண்டியின் மூக்கு அப்பளமாக நொறுங்கிப்போயிற்று. டிரைவர் பொம்மைக்குக் காலில் சிறு காயத்துக்கான அடையாளம், அவ்வளவுதான்.

அதே 64 கிலோமீட்டர் வேகத்தில் டியாகோவையும் தடுப்பில் மோதிப் பார்த்திருக்கிறார்கள். குளோபல் என்கேப் என்ற அமைப்பு 2020 ஜனவரியில் வெளியிட்ட முடிவில், பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்தில் நான்கு நட்சத்திரம், குழந்தைகள் பாதுகாப்புக்கு ஐந்தில் மூன்று. இரண்டு மார்க் ஏன் தனித்தனியாக என்று யோசித்தீர்களா? பெரியவரைக் காக்கிற வண்டி குழந்தையைத் தானாகவே காத்துவிடாது என்பதால்தான்!

கண்டுபிடித்தது 1959, நம் வாசலுக்கு வந்தது எப்போது?

ஹெரால்டு பிறந்த 1959 ஒரு விசேஷமான வருஷம். தோளிலும் இடுப்பிலுமாகப் பிடிக்கிற மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோ கம்பெனியின் நீல்ஸ் பூலீன் அந்த வருஷம்தான் கொண்டுவந்தார். எல்லாரும் செய்துகொள்ளட்டும் என்று அந்தக் கம்பெனி உரிமையைத் திறந்துவிட்டது. நசுங்கும் மூக்கு வைத்த மெர்சிடஸ் வந்ததும் அதே வருஷம். அந்த யோசனைக்குச் சொந்தக்காரர் பேலா பரேனி என்ற எஞ்சினியர். 1951-லேயே காப்புரிமை கேட்டவர்.

இத்தனையும் அன்றைக்கே இருந்தும், நம் நாட்டில் கார்களின் முன்சீட்டுக்குப் பெல்ட் கட்டாயமானது 1994-ல்தான். டிரைவருக்குக் காற்றுப்பை கட்டாயமானது 2019 ஜூலையில். நம் நாட்டிலேயே வண்டியை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற பாரத் என்கேப் ஏற்பாடு 2023 அக்டோபரில் ஆரம்பமானது. வாங்குகிறவர்கள் கேட்காத வரையில் எதுவும் சீக்கிரம் வருவதில்லை. நகைக்கடையில் ஹால்மார்க் பார்க்கிற நாம், கார்க் கடையில் "எத்தனை நட்சத்திரம்? குழந்தைக்கு எத்தனை?" என்று கேட்கக்கூடாதா என்ன?

அம்மா மடி எல்லாவற்றுக்கும் உதவாது

இங்கேதான் ஒரு பெரிய 'ஆனால்' வருகிறது. வண்டி எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், பெல்ட் போடாதவர்களுக்கு அது பழைய சம்புடம்தான். கூடு நின்றுவிடும், உள்ளே இருக்கிறவர் அதே வேகத்தில் பறந்துகொண்டிருப்பார்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது என்றால், சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். பத்து கிலோ குழந்தை அந்தக் கணத்தில் நூற்றைம்பது, இருநூறு கிலோ மூட்டையின் கனத்தோடு கையைவிட்டுப் பிய்த்துக்கொண்டு போகும். "நான் கெட்டியாப் பிடிச்சுப்பேன்" என்று எந்தத் தாயும் சொல்லலாம். எந்தத் தாயாலும் முடியாது. இது பாசத்தின் குறை இல்லை, கணக்கு அப்படி.

ஆகவே இவற்றைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்:

* குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காரவே வேண்டாம். காற்றுப்பை கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். அது பெரியவரின் மார்பளவுக்குச் செய்தது. மடியிலிருக்கும் குழந்தையின் தலையில் அறையும்.

* அம்மாவையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட்டால் கட்டாதீர்கள். மோதலில் உங்கள் உடம்பே குழந்தையை நசுக்கிவிடும்.

* கைக்குழந்தைக்குப் பின்புறம் பார்த்து உட்காரும் குழந்தை இருக்கை வேண்டும், அதுவும் பின்சீட்டில். முடிந்தவரை இரண்டு வயது வரை இப்படியே இருக்கட்டும். சின்னக் குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து பூஞ்சை. முதுகு முழுக்கத் தாங்குவதுதான் நல்லது. இந்த இருக்கையை, காற்றுப்பை வேலை செய்கிற முன்சீட்டில் ஒருநாளும் வைக்கக்கூடாது.

* கொஞ்சம் வளர்ந்த பிள்ளைக்கு உயரம் கூட்டும் இருக்கை வேண்டும். பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளின் மேலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மேலும் படியவேண்டும். அந்த அளவு வரும்வரை வெறும் பெல்ட் போதாது.

* கர்ப்பிணிகளும் பெல்ட் போடவேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கும் இடத்தில். மேல்பட்டை இரண்டு மார்புக்கும் நடுவே, வயிற்றின் பக்கவாட்டில். வயிற்றின் குறுக்கே பட்டை போகவே கூடாது.

* பின்சீட்டுப் பெரியவர்களும் பெல்ட் போடுங்கள். போடாத மாமியார் முன்னால் இருக்கும் மருமகள் மேல் விழுந்தால் ஆபத்து இருவருக்கும்தான்.

* பின் கண்ணாடியோரப் பலகையில் சொம்பு, ஃபிளாஸ்க், பூஜைத் தட்டு வைக்காதீர்கள். சடன் பிரேக் போட்டால் அது தலைக்கு வந்து சேரும்.

பதினாலு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துப் போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டத்திருத்தம் வந்திருக்கிறது. குழந்தை இருக்கை விலை அதிகம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வண்டிக்கு அலாய் சக்கரமும் பெரிய திரையும் போடுகிற காசில் அதை வாங்கிவிடலாம். அண்ணன் வீட்டுப் பிள்ளைக்கு அளவு போயிருந்தால் வாங்கி உபயோகிக்கலாம். ஒரு விபத்தில்கூட மாட்டாததா என்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்திருக்கவேண்டும்.

வீட்டில் ஒரு பழைய வண்டி நிற்கிறதா?

சில வீடுகளில் மாமனார் ஆசையாக வைத்திருக்கும் ஹெரால்டோ ஃபியட்டோ ஷெட்டில் இருக்கும். விற்றுவிடுங்கள் என்று சொல்லவே மாட்டேன். அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஸ்டார்ட் செய்து பார்ப்பதில் அவருக்கு இருக்கிற சந்தோஷத்துக்கு விலை கிடையாது. ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வண்டிகளின் முன்சக்கர மூட்டுக்கு, தையல் மிஷினுக்கு விடுகிற மாதிரி தவறாமல் எண்ணெய் விடவேண்டும். விடாமல் போட்டுவிட்டால் மூட்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஆகவே அக்கறையுள்ள கை அதற்கு அவசியம்.

ஆனால் வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் நாலு விஷயம் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் தூசி குழந்தை வாய்க்குப் போனால் மூளை வளர்ச்சிக்கே கெடுதல். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசியை ஊதவோ விளக்குமாறால் பெருக்கவோ கூடாது, ஈரத்துணியால் துடைத்து எடுக்கவேண்டும். வேலை செய்த துணியைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்கவேண்டாம்.

நாலாவதுதான் மிக முக்கியம். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடக்கூடாது. பழைய வண்டிக்குப் புகையைச் சுத்தம் செய்யும் கருவி கிடையாது. அதில் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, வாந்தி என்று ஆரம்பித்து, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். புது வண்டியானாலும் மூடிய இடத்தில் கூடாது. பழையதற்கு அறவே கூடாது. பெட்ரோலிலேயே ஈயம் கலந்து விற்ற காலமும் ஒன்று இருந்தது. நம் நாடு முழுவதும் அது நின்றது 2000 பிப்ரவரியில். அதற்கு முன் வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள்தான்.

ஐம்பது வயது தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கிற வண்டியைப் பழம்பெரும் வாகனம் என்று பதிவு செய்துகொள்ள 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிந்த வண்டியைத் தினப்படி ஓட்ட முடியாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்ப்பு மாதிரியான காரியங்களுக்குத்தான் எடுக்கலாம். நல்ல ஏற்பாடு என்றே தோன்றுகிறது. கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு யாராவது தோசைக்கு அரைப்பார்களா? நாள் கிழமைக்கு எடுத்துக் கட்டி, அழகு பார்த்து, மடித்து வைப்போம். பழைய ஸ்போர்ட்ஸ் காரும் அந்த மாதிரிதான்.

பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கும் போக, பெல்ட்டும் காற்றுப்பையும் நல்ல நட்சத்திரமும் உள்ள சின்னக் கார் போதும். இனிமேல் யாராவது கதவைச் சுண்டிக் காட்டி "தகரம்" என்றால், காப்பி கலக்கப் போகவேண்டாம். முறுக்குச் சம்புடத்தை எடுத்துக் காட்டுங்கள்.

(அடுத்த இதழில்: பிரயாணத்தில் குழந்தைக்கு வாந்தி, தலைசுற்றல் வராமல் இருக்க...)